ஓசை வலிமையாகாது!

நள்ளிரவு. ஊர் உறங்குகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய குடிசையிலே, பகலெல்லாம் மூட்டை சுமந்த தொழிலாளி இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான். திடீரென்று இடி விழுந்தாற்போல் ஓர் ஓசை! தொட்டிலில் குழந்தை வீறிடுகிறது. மருத்துவமனைக் கட்டிலிலே நோயாளி திடுக்கிட்டு விழிக்கிறார். வானத்தில் மேகமில்லை, மின்னலில்லை. சைலன்சரை அறுத்தெறிந்துவிட்டு நேர்க்குழாய் மாட்டிய லாரி ஒன்று அவ்வழியே போயிருக்கிறது!

ஏன் அறுத்தார்கள்? 'வண்டி நன்றாக இழுக்கும், டீசல் மிச்சமாகும்' என்று பட்டறையிலே யாரோ சொன்னார்களாம். நம்பிவிட்டார் முதலாளி. எஞ்சினிலிருந்து சீறிவரும் புகையின் அழுத்த அலைகளைத் தன் அறைகளிலும் துளைக்குழாய்களிலும் மோதவிட்டு அடக்குவதுதான் சைலன்சரின் வேலை. அதை எடுத்துவிட்டால் ஓசை பெருகும். பாரம் இழுக்கும் வலிமை அப்படிப் பெருகிவிடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 லாரிகளிலோ, புகையின் நச்சை நீக்கும் கருவிகளும் அதே குழாய் வரிசையில்தான் இருக்கின்றன. அங்கே கத்தி வைத்தால் காதுக்கும் கேடு, மூச்சுக்கும் கேடு!

சட்டம் இல்லையா? இருக்கிறது. வண்டி ஒவ்வொன்றுக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின் 120ஆவது விதி. மீறினால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 மாதம் லைசென்சும் போகும். இது 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த தண்டனை.

ஆனால் செக்போஸ்டில் மாட்டிக்கொள்வது யார்? அறுக்கச் சொன்ன முதலாளியா? அறுத்த பட்டறைக்காரரா? இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் டிரைவர்! லைசென்சு போனால் அவன் வீட்டு அடுப்பல்லவா அணையும்? ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் தண்டிக்கலாம் என்று அதே சட்டத்தின் 190ஆவது பிரிவு சொல்கிறதே! விதிக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவும் சொல்கிறதே! அந்த வரிகள் அதிகாரிகளின் கண்ணில் படவில்லையா என்று கேட்கிறோம்.

டிரைவர் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். 'வண்டி கர்ஜிக்கிறது' என்று மகிழும் இளைஞர்கள் உங்களிலும் உண்டு. அந்தக் கர்ஜனையை ஊரார் ஒரு நிமிடம் கேட்கிறார்கள். நீங்களோ இரவு முழுதும் கேட்கிறீர்கள். உட்செவியின் நுண்ணிய உணர்செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் செவிக்குறையைத் தொழில் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காத காதோடு எத்தனை நாள் பிழைப்பது?

பரிகாரம் எளிது. அந்த வண்டிக்குரிய சைலன்சரையே திரும்ப மாட்டவேண்டும். அதன் பிறகும் ஓசை அடங்காவிட்டால் குழாயின் மூட்டுகளைப் பாருங்கள். கரி படிந்த இடத்தில் புகை கசிகிறது என்று பொருள். அங்கே கேஸ்கட்டை மாற்றவேண்டும். வெடித்த குழாயையும் தளர்ந்த பிடிப்பு ரப்பரையும் மாற்றவேண்டும். ஒரே வேகத்தில் மட்டும் 'ஙொய்' என்று முழங்கினால், அது குழாய்க்குள் எழும் எதிரொலி. அளவறிந்து பொருத்தும் ரெசனேட்டர் அதை அடக்கும். செலவு முதலாளியுடையது; டிரைவரின் படியிலே கை வைக்கக்கூடாது.

சைலன்சர் இல்லாத வண்டியை எடுக்கமாட்டோம் என்று டிரைவர்கள் சங்கமாய்ச் சேர்ந்து சொல்லட்டும். ஒருவன் சொன்னால் வேலை போகும். எல்லோரும் சொன்னால் சைலன்சர் வரும்!