ஒலி கலக்கும் முன் பிரித்து விடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் போனில் அழைத்தார். மகளின் ஆன்லைன் வீணை வகுப்பை, ஆசிரியையின் அனுமதி பெற்று ரெக்கார்ட் செய்திருக்கிறார். போட்டுக் கேட்டால் வீணைக்கு நடுவே மெயில் வந்த ஓசை, மெசேஜ் வந்த ஓசை, பிரவுசரில் தானாக ஓடிய விளம்பரம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. "சார், வீணையை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை அழிக்க ஏதாவது சாப்ட்வேர் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ரெக்கார்ட் செய்வதற்கு முன் கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது. காரணம், இதே தவறை நானும் செய்து, திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்திருக்கிறேன்.

2021ல், ஊரடங்கு நாட்களில், கிராமத்தில் இருந்த என் அத்தையிடம் வீடியோ அழைப்பில் பேசிக் கொண்டிருந்தேன். அவருக்கு அப்போது 82 வயது. சிறு வயதில் வயலில் பாடிய நடவுப் பாட்டுகளைப் பாடச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார், பிறகு 40 நிமிடங்கள் பாடினார். கம்ப்யூட்டரில் ஒலிக்கும் அனைத்தையும் பதிவு செய்யும்படி வைத்து ரெக்கார்ட் செய்தேன். மூன்றாவது பாட்டின் நடுவே, பிரவுசரில் திறந்து வைத்திருந்த ஒரு தளத்தில் விளம்பர வீடியோ ஓடத் தொடங்கியது. எந்த டேப் என்று தேடி மூடுவதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. பாடுபவரை நிறுத்த மனம் வரவில்லை. அடுத்த முறை பாடச் சொல்லிக் கொள்ளலாம் என்று விட்டு விட்டேன். இரண்டு மாதத்தில் அத்தைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறிப் போனது. அந்தப் பாட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது, ஒரு சோப்பு விளம்பரத்துடன்.

ஏன் பிரிக்க முடிவதில்லை?

வீடியோ அழைப்பு, பிரவுசர், மெயில் என ஒவ்வொரு புரோகிராமும் தன் ஒலியைத் தனித்தனியாகத்தான் விண்டோஸிடம் தருகிறது. விண்டோஸ் அவற்றை ஒன்றாகக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நாம் வழக்கமாகப் பதிவு செய்வது கலந்து முடிந்த பிறகு கிடைக்கும் ஒலியை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவை கம்ப்யூட்டரில் இல்லை. செயற்கை நுண்ணறிவு புரோகிராம்கள் இப்போது ஓரளவு பிரித்துத் தருகின்றன. ஆனால் குரல் தேய்ந்தும் உடைந்தும் போக வாய்ப்பு உண்டு. எனவே பிரிப்பதைக் கலக்கும் முன்பே செய்ய வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் "ஸ்டீரியோ மிக்ஸ்" என்று ஒரு வசதி இருந்தது நினைவிருக்கலாம். சில சவுண்ட் கார்டுகளில் அதற்கு "வாட் யு ஹியர்" என்று பெயர். நீ கேட்பது எதுவோ அதையெல்லாம் பதிவு செய் என்பதுதான் அது. 2007ல் வந்த விஸ்டாவில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வால்யூம் வந்தது. ஆனால் ஒரு புரோகிராமின் ஒலியை எந்தச் சாதனத்துக்கு அனுப்புவது என்று செட்டிங்ஸிலேயே தேர்ந்தெடுக்கும் வசதி, விண்டோஸ் 10க்கு 2018ல் வந்த அப்டேட்டில்தான் கிடைத்தது. அதுவும் சாதாரணமாகக் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், "இந்த புரோகிராமை மட்டும் ரெக்கார்ட் செய்" என்ற பட்டன் வால்யூம் பட்டனுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அது இல்லாததால்தான் புதியவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

எளிய வழி

பட்டன் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச புரோகிராம் போதும். 2022ல் வந்த இதன் 28ஆம் பதிப்பில் இருந்து, ஒரு புரோகிராமின் ஒலியை மட்டும் எடுக்கும் வசதி இருக்கிறது. விண்டோஸ் 11லும், விண்டோஸ் 10ன் பிற்காலப் பதிப்புகளிலும் இது செயல்படும். அதன் அதிகாரப்பூர்வ தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும்.

முதலில் வீடியோ அழைப்பு புரோகிராமைத் திறந்து வைக்கவும். பின் ஓபிஎஸ்ஸில் "சோர்சஸ்" பிரிவில் உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்து, "அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் பட்டியலில் அழைப்பு புரோகிராமைக் காட்டவும். அடுத்து ஆடியோ மிக்ஸரில் "டெஸ்க்டாப் ஆடியோ" என்று இருப்பதை மியூட் செய்திடவும். இதை மறந்தால் எல்லா ஒலியும் மீண்டும் உள்ளே வந்துவிடும். செய்த வேலை வீண். எதிரில் இருப்பவர் குரல் போதும், உங்கள் குரல் வேண்டாம் என்றால் மைக்கையும் இங்கே மியூட் செய்யலாம். அழைப்பில் அவருக்கு உங்கள் குரல் கேட்டுக் கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு வழி விபி கேபிள் என்ற சிறிய புரோகிராம். இது இல்லாத ஒரு வயரை இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்ப வைக்கிறது. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்ஸர் என்று சென்று, அழைப்பு புரோகிராமின் அவுட்புட்டாக "கேபிள் இன்புட்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஆடாசிட்டி போன்ற ரெக்கார்டிங் புரோகிராமில் "கேபிள் அவுட்புட்" என்பதை மைக் போலத் தேர்ந்தெடுக்கவும். பெயர்கள் குழப்பும். ஒலி நுழையும் முனை இன்புட், வெளிவரும் முனை அவுட்புட் என்று நினைவில் வைத்தால் போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒலி முழுவதும் கேபிள் வழியே போவதால் உங்களுக்கு எதுவும் கேட்காது. ரெக்கார்டிங் சாதனங்கள் பட்டியலில் கேபிள் அவுட்புட்டின் பிராபர்ட்டீஸ் சென்று, "லிசன்" டேபில் "லிசன் டு திஸ் டிவைஸ்" என்பதில் டிக் அடித்தால் கேட்கும். புதியவர்களுக்கு ஓபிஎஸ்ஸை நான் முதலில் சொல்வது இதனால்தான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு பிளாக்ஹோல் என்ற இலவச புரோகிராம் இதே வேலையைச் செய்கிறது. லினக்ஸில் பைப்வயர் இருந்தால், எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று கோடு இழுத்தே இணைத்துவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

பிரவுசர் முழுவதும் ஒரே புரோகிராம். வகுப்பு ஒரு டேபிலும் விளம்பரம் இன்னொரு டேபிலும் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் பதிவாகும். வகுப்புக்கு ஒரு பிரவுசர், மற்ற வேலைக்கு வேறு பிரவுசர் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மைக்கையும் சேர்த்துப் பதிவு செய்தால் ஹெட்போன் அணியுங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒலி மைக் வழியே இரண்டாம் முறை நுழையும்.

டிஸ்க் இடம் பற்றிக் கவலை வேண்டாம். சிடி தரத்தில் சுருக்காத ஸ்டீரியோ ஒலிக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 1 எம்பி அளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 30 நொடி ஒத்திகை பாருங்கள். பதிவு செய்து கொண்டே வேண்டுமென்று ஒரு பாட்டை மீடியா பிளேயரில் ஓட விட்டுப் பின் கேளுங்கள். பாட்டு பதிவாகவில்லை என்றால் எல்லாம் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடியோ அழைப்பு புரோகிராமில் உள்ள ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் எதிரில் இருப்பவருக்கும் தெரியும். மேலே சொன்ன வழிகளில் அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதாலேயே நாம் கேட்டாக வேண்டும். அத்தையிடம் நான் கேட்டேன். "எதுக்குப்பா இதெல்லாம்?" என்று சிரித்துவிட்டு, சரி என்றார்.

நண்பர் நேற்று மீண்டும் அழைத்தார். இந்த வார வகுப்பில் வீணை மட்டுமே பதிவாகி இருக்கிறதாம். சென்ற வார வகுப்பை அழித்துவிடலாமா என்று கேட்டார். ஆசிரியை அதே பாடத்தை மறுபடி நடத்துவார் என்றால் அழியுங்கள் என்றேன். உங்கள் வீட்டிலும், மறுபடி கேட்டால் கிடைக்காத குரல் ஏதாவது இருக்கும். அதைப் பதிவு செய்ய உட்காரும் முன் அந்த 30 நொடி ஒத்திகையை மறக்காமல் செய்து விடுங்கள்.