தாயின் எடையைத் தாய்க்குச் சொல்லுங்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்டுக்குப் போகிற பெண் விடியும் முன்பே வேன் ஏற வேண்டும். வயிற்றில் நாலு மாதம். குமட்டல் வேறு. ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு ஓடுகிறாள். இடைவேளையில் மறுபடியும் டீ, இரண்டு பிஸ்கட். சோறு என்று கையில் எடுக்கும்போது மதியம் ஆகிவிடுகிறது.

மாதம் ஒரு முறை அவளுக்கு எடை பார்க்கிறார்கள். மிஷின் மேல் ஏறச் சொல்கிறார்கள், ஏறுகிறாள். இறங்கச் சொல்கிறார்கள், இறங்குகிறாள். அட்டையில் ஓர் எண் விழுகிறது. "அடுத்த ஆள்!"

அந்த எண் என்ன? போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா? கூடியது போதுமா? பல பெண்களுக்குத் தெரியாது. சொல்வார் இல்லை. கேட்கவும் கூச்சம். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கும்போது நர்ஸையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆனால் எடை பார்ப்பது அட்டையை நிரப்புவதற்காக அல்ல. அந்தப் பெண்ணுக்காக. அவளுக்குத் தெரியாத எண்ணால் அவளுக்கு என்ன பயன்?

எவ்வளவு கூட வேண்டும்?

சாதாரண உடல்வாகு உள்ள பெண் பத்து மாதத்தில் 10 முதல் 12 கிலோ வரை கூட வேண்டும் என்பது நம் நாட்டில் டாக்டர்கள் சொல்லும் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் ஒரு கிலோ, இரண்டு கிலோ கூடினால் போதும். வாந்தியினால் சிலருக்குக் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். நாலாம் மாதத்திலிருந்துதான் உண்மையான ஏற்றம். அப்போது மாதத்துக்குச் சுமார் 2 கிலோ கூட வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. 5 அடி உயரமுள்ள பெண், கர்ப்பம் தரிக்கும்போது 43 கிலோவுக்குக் கீழே இருந்தால் அவள் மெலிந்தவள். அவளுக்குப் 12 கிலோவும் போதாது. அதற்கு மேலும் கூட வேண்டும். முதலிலேயே கனத்த உடம்பு என்றால் 7, 8 கிலோ கூடினாலே போதும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தம் இல்லை. தன் உயரம், தன் பழைய எடை, இந்த இரண்டையும் வைத்துத்தான் கணக்கு.

"பிள்ளை 3 கிலோதானே? மிச்சமெல்லாம் கொழுப்புதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பிள்ளை 3 கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல். பனிக்குட நீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. கைப்பிடி அளவாக இருந்த கர்ப்பப்பை வளர்ந்து தானே ஒரு கிலோ ஆகிவிடுகிறது. தாயின் உடம்பில் ரத்தமே ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ கூடுகிறது. இது தவிர உடம்பில் சேரும் நீர், மார்பின் வளர்ச்சி. கடைசியாகக் கொஞ்சம் கொழுப்பு. அந்தக் கொழுப்பும் வீண் அல்ல. பிரசவத்துக்குப் பின் பால் சுரப்பதற்கு உடம்பு முன்கூட்டியே சேர்த்து வைக்கும் சேமிப்பு அது.

"குறைவாகச் சாப்பிடு"

தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "கொஞ்சமாய்ச் சாப்பிடு, தாயீ. பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டம். ஆபரேஷன் செய்துவிடுவார்கள்" என்று வயதானவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில், பிரசவத்தில் பெண்களைப் பறிகொடுத்தவர்களின் பயம் அது. அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது.

ஆனால் யோசனை தவறு. தாய் வயிற்றைக் காயப்போட்டால் பிரசவம் சுலபமாகிவிடாது. பிள்ளைதான் இளைத்துப் பிறக்கும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறார்கள். அதற்கு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். சளி, காய்ச்சல் தொற்றினால் தாங்காது. பால் இழுத்துக் குடிக்கவும் தெம்பு இருக்காது.

இந்தத் தீங்கு பிறப்போடு முடிவதும் இல்லை. 1944-45 குளிர்காலத்தில், உலகப் போரின்போது, ஹாலந்து நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் பிள்ளைகளை டாக்டர்கள் பல ஆண்டு கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஐம்பது வயதை நெருங்கும்போது, சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி அவர்கள் உடம்பில் குறைந்திருந்தது. தாய் பட்டினி கிடந்தது சில மாதம். கணக்குத் தீர்ந்தது அரை நூற்றாண்டுக்குப் பிறகு!

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. "இனிமேல் நீ இரண்டு பேர், இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடு" என்பார்கள். அதுவும் சரியல்ல. நாலாம் மாதத்திலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரிதான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் கணக்கிட்டது. சாம்பாரோடு இரண்டு இட்லி, ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. அவ்வளவுதான்! அதற்கு மேல் சோற்றை மட்டும் குவித்தால் எடை கூடும்; சத்து கூடாது.

அளவுக்கு மேல் எடை போடுகிறவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் அபாயம் அதிகம். இதைக் கண்டுபிடிக்கச் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவும் அவரைச் சேர்ந்தவர்களும் எளிய சோதனை முறை ஒன்றை வகுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பது. வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பதில்லை. அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமே என்று பாதியில் எழுந்து போய்விடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் எடை திடீரென்று ஏறி, முகமும் கையும் வீங்கினால் அது ஊட்டம் அல்ல. ரத்த அழுத்தமாக இருக்கலாம். தலைவலி, கண் மங்கல் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்த மாதப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பம்பாய் மில் பெண்கள்

தொழிற்சாலைப் பெண்களின் கர்ப்பகாலச் சாப்பாடு பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்னதே நம் நாட்டுப் பெண்கள்தான். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். துணி மில்களில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்தசோகை. பலர் இறந்துபோனார்கள். காரணம் தெரியவில்லை. அவர் கிருமியைத் தேடினார்; கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தம் ஊறியது! அந்தச் சாரத்தில் இருந்த சத்து இன்னதென்று பின்னால் தெரிந்தது. அதுதான் போலிக் அமிலம். 1941-ல் அதைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, அந்த மாத்திரையில் இருப்பது அதே சத்துதான்.

அந்த மாத்திரையைப் பல பெண்கள் வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு பிடிக்கிறது என்று பயம். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், கேடு இல்லை. டீயோடு மட்டும் சாப்பிடக் கூடாது. டீ, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது. நெல்லிக்காய் நல்லது. டீயிலேயே நாளை ஓட்டும் சிப்காட் பெண்களுக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே பெரிய உபகாரம்.

உணவுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. கேழ்வரகு, முட்டை, கொண்டைக்கடலை கடையில் இருக்கின்றன. பழவேற்காட்டு மீன் கூடையில் வீட்டு வாசலுக்கே வருகிறது. அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவி 2006-ல் 6 ஆயிரம் ரூபாய் ஆனது. 2011-ல் 12 ஆயிரம். பிறகு 18 ஆயிரமாக உயர்ந்தது. அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடக்கம். பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பெட்டகம் வீட்டுக்கு வந்ததும் நெய் எல்லோருடைய சோற்றுக்கும் போகிறது. பேரீச்சம்பழத்தைப் பெரிய பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள். கர்ப்பிணி கடைசியாக உட்கார்ந்து, மீந்ததைச் சாப்பிடுகிறாள். வளைகாப்பு அன்று ஐந்து வகைச் சாதம் படைத்து, அவளை முதலில் உட்கார வைக்கிறோம். மறுநாள் அவள் மறுபடியும் கடைசிப் பந்தி!

இதை மாற்ற வேண்டியவன் கணவன். எடை பார்க்கும் நாளில் அவனும் கூடப் போக வேண்டும். ஒரு நாள் ஷிப்டு போனால் போகட்டும். மாமியாரையும் அழைத்துப்போனால் இன்னும் நல்லது. டாக்டர் வாயால் கேட்ட பேச்சுக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு.

முதலாளிகளும் கவனிக்க வேண்டும்

பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. முதல் இரண்டு பிரசவத்துக்கு இது பொருந்தும். இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத விதி ஒன்றும் உண்டு. பிரசவத்துக்கு முந்திய சுமார் பத்து வாரத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ, நெடுநேரம் நின்று செய்யும் வேலையோ கொடுக்கக் கூடாது. "கேட்டுக்கொண்டால்" என்பதுதான் சிக்கல். காண்டிராக்டரிடம் வேலை செய்யும் பெண் எப்படிக் கேட்பாள்? நாளை வேன் அவள் தெருவில் நிற்காது என்ற பயம் அவளுக்கு. ஆகவே தொழிற்சாலைதான் முந்திக்கொண்டு நாற்காலி போட வேண்டும். காலை பத்து மணிக்கு டீயோடு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்க எந்தக் கம்பெனியும் ஏழையாகிவிடாது. பரிசோதனைக்குப் போகும் அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பதும் பெரிய செலவு அல்ல.

செங்கல் சூளைகளின் கதை இன்னும் கஷ்டமானது. மழைக்காலம் ஓய்ந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு வருகிறார்கள். சூளை வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். அந்தப் பெண்களில் கர்ப்பிணிகளும் உண்டு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நர்ஸுக்கு ஒடியா தெரியாது. எழுத்தும் தெரியாதவர்களுக்கு எண்ணை எப்படிச் சொல்வது? படம் போதும். மாதத்துக்கு ஒரு கட்டம், எடை ஏறும் கோடு. கோடு மேலே போனால் நல்லது, படுத்துவிட்டால் ஆபத்து. இதை விளக்க ஐந்து நிமிஷம் ஆகும். சூளைக்கே போய் எடை பார்க்கிற செவிலியரிடம் அந்தப் படமும், நாலு வார்த்தை ஒடியா பேசத் தெரிந்த துணையும் இருக்க வேண்டும். சூளை மூடி, ஊருக்கு ரெயில் ஏறுகிற அன்று, அந்த அட்டை மேஸ்திரியின் பெட்டியில் இருக்கக் கூடாது. அவள் கையில் இருக்க வேண்டும்.