பல் வலிதானே என்று விட்டுவிடலாமா? மேல்தாடையை அரிக்கும் பூஞ்சை... சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு!

பல் வலி வந்தால் கிராம்பு வைப்போம். இரண்டு நாள் பார்த்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குவோம். பெரும்பாலும் சொத்தைப் பல்தான் காரணமாக இருக்கும். ஆனால், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத சிலருக்கு, பிரச்னை பல்லில் அல்ல, அதைத் தாங்கும் எலும்பில் இருக்கலாம்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது நம்மைப் பயமுறுத்திய 'கறுப்புப் பூஞ்சை' நினைவிருக்கிறதா? மருத்துவர்கள் இதை மியூகார்மைகோசிஸ் என்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் நோய் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால், கொரோனாவிலிருந்து மீண்ட சிலருக்கு, முதல் அறிகுறியே பல் ஆடியதுதான்.

பல் ஏன் ஆடுகிறது?

மண்ணிலும் மட்கிய இலைகளிலும் இருக்கும் இந்தப் பூஞ்சையின் வித்துகள், மூச்சோடு மூக்குக்குள் போகின்றன. ஆரோக்கியமான உடல் அவற்றை அழித்துவிடும். சர்க்கரை எகிறியவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அது முடியாமல் போகலாம். கன்னத்து சைனஸில் வளரும் பூஞ்சை, ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் கிடைக்காத எலும்பு அழுகத் தொடங்கும். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர், அந்த சைனஸுக்கு நேர் கீழேதான் இருக்கிறது.

இதைச் சாதாரணப் பல் வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கினாலும் புண் ஆறாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. இப்படி நாள்கள் நழுவும்போது, தொற்று கண்ணுக்கும் மூளைக்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எப்போது உஷாராக வேண்டும்?

* சொத்தையே இல்லாத மேல்வரிசைப் பற்கள் சேர்ந்தாற்போல் ஆடுவது

* ஈறில் சீழ், ஆறாத புண்

* அண்ணத்தில் கறுப்புத் திட்டு

* ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, முகவீக்கம்

* ஒரு பக்க மூக்கடைப்பு, கறுப்பு அல்லது ரத்தம் கலந்த சளி

* கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பாதிப்பின் பரவலைப் பார்ப்பார்கள். சிறு திசுவை எடுத்துச் சோதித்தால் பூஞ்சை உறுதியாகும். அழுகிய எலும்பை அறுவை சிகிச்சையில் அகற்றி, ஆம்போடெரிசின் பி போன்ற மருந்துகளைக் கொடுப்பார்கள். கூடவே சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தாமதமானால், இழக்கும் எலும்பும் அதிகம்.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது, எந்தப் பல் வலிக்கிறது என்பதோடு, உங்கள் சர்க்கரை அளவையும், சாப்பிடும் மாத்திரைகளையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்!