கரடிக்கு ‘கூண்டு வைங்க’ன்னு சொல்றது சுலபம்... அப்புறம்?

பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் ஊருக்குள் கரடி வந்தால் முதலில் எழும் குரல், “கூண்டு வைங்க சார்!” கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022 நவம்பரில் கடையம் அருகே ஒரு கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விட்டது. பிறகு அந்தக் கரடியும் செத்துப்போனது. பிடித்ததால்தான் செத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், பிடிப்பது ஆபத்தே இல்லாத வேலையும் அல்ல.

மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில், 2023 ஏப்ரலில் கிணற்றுக்குள் விழுந்த கரடிக்கு மயக்க ஊசி போட்டார்கள். மருந்து ஏறியதும் தண்ணீரில் மூழ்கி இறந்தது. காப்பாற்றப் போன இடத்திலேயே இப்படி.

கூண்டில் சிக்கிய கரடி சும்மா உட்காராது. கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். மண்ணைத் தோண்டுவதற்கென்றே வளர்ந்த நீள நகம் பெயர்ந்துவிடும். கறுத்த உடம்பு, அடர்ந்த முடி. நம்ம ஊர் வெயிலில் இரும்புக் கூண்டு அதற்கு அடுப்புதான்.

வெளியே தெரியாத காயம் இன்னும் மோசம். மிரண்டுபோய் மணிக்கணக்கில் முட்டி மோதினால் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதையும். வட அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காகப் பிடித்த கரடிகளை மார்க் கேட்டட் குழுவினர் ஆராய்ந்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். காலில் சுருக்குக் கண்ணி விழுந்த கரடிகள் பலவற்றின் ரத்தத்தில் தசைச் சேதத்தின் அடையாளம் இருந்தது. விடுவித்த பிறகும் பழையபடி நடமாட 3 முதல் 6 வாரம் ஆனது. நமது கரடி வேறு இனம் என்றாலும் தசை தசைதானே!

அதற்காக ஆராய்ச்சியே வேண்டாமா? வேண்டும். எந்தக் கரடி எந்தத் தோப்புக்கு வருகிறது என்று அறிய ரேடியோ காலர் உதவும். ஆனால் எத்தனை கரடி இருக்கிறது, என்ன தின்கிறது என்பதற்கெல்லாம் கேமராவும், எச்சமும், முள்கம்பியில் சிக்கிய முடியின் டி.என்.ஏ.வும் போதும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. அனுமதியில்லாமல் யாரும் தொட முடியாது. அனுமதி தரும்போதே, பிடித்த ஒவ்வொரு கரடிக்கும் என்ன காயம், பிரேதப் பரிசோதனை நடந்தால் அதில் என்ன தெரிந்தது என்பதைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போடலாமே.

கூண்டுக் கதவு விழுந்த நொடியே சிக்னல் அனுப்பும் கருவிகள் வந்தாச்சு. ‘காலையில போய்ப் பார்த்துக்கலாம்’ என்பதற்கு இனி என்ன காரணம் இருக்கிறது?