பாதி வசனம்

ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நிதி திரட்டலாமா என்று எங்கள் சபைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து, ஏழைகள் எப்போதும் இருப்பார்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்றார். அத்தோடு எல்லோரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாற்கு 14-ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் தலையில் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றுகிறாள். அதை 300 பணத்துக்கு மேல் விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் முறுமுறுக்கிறார்கள். அன்று ஒரு பணம் என்பது கூலியாளின் ஒரு நாள் கூலி. சாவை எதிர்நோக்கி நின்றவருக்கு ஒருத்தி காட்டிய அன்பைப் பழித்தவர்களுக்கு அவர் தந்த பதில்தான் அந்த வசனம். ஏழைகளுக்கு எந்த நாளும் உதவலாமே என்ற கருத்தும் அதிலேயே இருக்கிறது!

அது உபாகமம் 15-ஆம் அதிகாரத்தின் எதிரொலி. ஏழாம் வருஷம் கடனைத் தள்ளிவிடச் சொல்லும் சட்டம் அங்கே இருக்கிறது. அந்த வருஷம் நெருங்குகிறதே என்று இல்லாதவனுக்குக் கொடுக்க மறுப்பது பாவம் என்றும் இருக்கிறது. ஏழை என்றும் இருப்பான் என்பது அங்கே காரணம்; ஆகவே கொடு என்பது கட்டளை. பெரியவர் காரணத்தை வைத்துக்கொண்டு கட்டளையைக் கைவிட்டார்.

வேதத்தில் கடினமான வசனங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், முன்னும் பின்னும் வாசித்தால் பல வசனங்கள் இளகிவிடுகின்றன. இளகாதது நம் மடிமுடிச்சுத்தான்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு அதிகாரங்களையும் முழுதாக வாசிக்கப் போகிறேன், காபி வருவதற்கு முன்னால்.