உடைத்துப் பார்த்துக் கற்க ஒரு ரவுட்டர் போதும்

மாணவர்களே, கணினி வலையமைப்பைக் கற்க அறை நிறைய கருவிகள் வேண்டும் என்று நினைக்கிறீர்களா? ஒரே ஒரு ரவுட்டர் போதும் என்பேன் நான்.

ரவுட்டர் தன்னிடம் வந்து சேரும் தரவின் முகவரியைப் பார்க்கிறது. தன் வழிப்பட்டியலில் தேடி, அதை எந்தப் பக்கம் அனுப்புவது என முடிவு செய்கிறது. பொதுவாக ஒரு ரவுட்டருக்கு ஒரு பட்டியல்தான். வி.ஆர்.எஃப் எனப்படும் மெய்நிகர் முறையில் ஒரே ரவுட்டருக்குள் பல பட்டியல்களை வைக்கலாம். ஒவ்வொன்றும் தனி ரவுட்டர் போலவே செயல்படும்.

காலைப் பள்ளி, மாலைப் பள்ளி என இரு வேளை நடக்கும் பள்ளியை எண்ணிப் பாருங்கள். அதே கட்டடம், அதே ஐந்தாம் எண் அறை. ஆனால் மாணவர்களும் கால அட்டவணையும் வேறு. அதுபோல 10.0.0.1 என்ற ஒரே முகவரியை இரண்டு பட்டியல்களிலும் குழப்பமின்றிப் பயன்படுத்தலாம். ஒரு வேறுபாடு: ரவுட்டரில் இரண்டு பள்ளிகளும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இனி செய்து பார்ப்போம். கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என மூன்று மெய்நிகர் ரவுட்டர்களை உருவாக்கி, முக்கோணமாக இணையுங்கள். நகரங்களை இணைக்கும் நெடுஞ்சாலை போன்ற ஒரு முதுகெலும்பு வலையமைப்பு தயார். அதே பெட்டிக்குள் இன்னொன்றையும் தனியாக அமைக்கலாம். இப்போது முதல் முக்கோணத்தில் கோலாலம்பூர்–பினாங்கு இணைப்பைத் துண்டியுங்கள். வழிகளைத் தானாகக் கண்டறியும் ஓ.எஸ்.பி.எஃப் நெறிமுறை இயங்கினால், தரவு ஈப்போ வழியாகச் சுற்றிச் செல்லும். இரண்டாவது வலையமைப்புக்கு எந்தப் பாதிப்பும் இராது.

இந்தப் பயிற்சி ஏன் முக்கியம்? 2021 அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை இருந்தது. உண்மையான வலையமைப்பில் ஒரு கட்டளையின் விலை அவ்வளவு பெரியது. பாவனை வலையமைப்பில் நூறு முறை தவறு செய்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே பெட்டிக்குள் அமைத்தால் மின்சாரம் போனதும் எல்லா நகரங்களும் ஒன்றாக அணைந்துவிடும். பல நூறு கிலோமீட்டர் கம்பிவடத்தில் ஏற்படும் தாமதமும் தெரியாது. ஆகவே பாவனையில் சரியாக நடந்தது என்பதற்காக, நிஜத்திலும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

வீட்டு ரவுட்டரில் கை வைக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் இந்த வசதி இருக்காது, குடும்பத்தாரின் இணையமும் போய்விடும். பழைய கணினி ஒன்று கிடைத்தால் இலவச லினக்ஸை நிறுவுங்கள். 2015இல் வெளிவந்த 4.3 பதிப்பு முதல் அதில் வி.ஆர்.எஃப் இருக்கிறது. பள்ளியின் கணினிக் கழகங்களும் இதை ஒரு திட்டப்பணியாக எடுக்கலாம். கருவிகள் வரட்டும் என்று காத்திருந்தால் ஐந்தாம் படிவமே முடிந்துவிடும். வரும் விடுமுறையில் முதல் முக்கோணத்தை அமைத்துப் பாருங்கள்.