மன்னிப்பு உமக்கு, நட்டம் எங்களுக்கா?

எங்கள் நகரத்தில் ஒருவர் சீட்டுப் பிடித்தார். தங்கச்சியின் கலியாணத்துக்கென்று கோப்பை கழுவிச் சேர்த்த காசை நானும் கட்டினேன். ஒருநாள் ஆளுமில்லை, காசுமில்லை.

சில வருடம் கழித்து ஒரு ஜெபக்கூட்டத்தில் கண்டேன். இயேசு தன் பாவமெல்லாம் கழுவிவிட்டாராம். சபை கைதட்டியது. வெளியில் வைத்துக் கேட்டேன். "தம்பி, கர்த்தரே மறந்துவிட்டார், நீர் ஏன் இன்னும்...?" என்றார்.

சீட்டுக் கட்டினது கர்த்தரில்லையே அண்ணை!

லூக்கா 19-ஐ இவர்கள் வாசிப்பதேயில்லையா? எரிகோவின் சகேயு வரி தண்டிக் கொழுத்தவன். அவன் திருந்த முன்பே இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வீட்டில் தங்கப் போவதாகச் சொல்கிறார். அது கிருபை. சகேயுவோ, பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றி எடுத்தது நாலு மடங்காகத் திரும்ப என்கிறான். ஒத்துக்கொண்டவனிடம் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் கேட்பது முதலும் ஐந்திலொரு பங்கும்தான்! அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகு. அது சத்தியம்.

யோவான் 1:14 இரண்டையும் சேர்த்தே இயேசுவில் காண்கிறது. நீங்கள் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறீர்கள். நாங்கள் வாழும் இதே ஜேர்மனியில் போதகர் போன்ஹோபர், மனந்திரும்பாமல் கிடைக்கும் மன்னிப்பை 'மலிவான கிருபை' என்று 1937-இல் வந்த புத்தகத்திலேயே சாடினார். 1945-இல் நாசிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய கிருபை மலிவாக இருக்கவில்லை.

அண்ணை, முழுக்க வேண்டாம். மாதம் ஐம்பது யூரோவாகத் தாரும். அன்றைக்கு உம்முடைய சாட்சிக்கு நானும் எழும்பி நின்று கைதட்டுவேன்.